கழுத்துத் தண்டுவட நெருக்கம்: முன்பக்க ப்ளேட்டா, லேமினோபிளாஸ்டி ப்ளேட்டா?

எலும்பூர்க்காரன் (கேள்வி)

சீனியர்களுக்கு வணக்கம். ஆர்த்தோ பிஜி, கடைசி வருஷம். தேர்வுக்கும் தியேட்டருக்கும் சேர்த்தே கேட்கிறேன். ஒரு மாதிரி கேஸ்: வயது 58. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது, ஹாஃப்மன் (தண்டுவட அழுத்தத்தைக் காட்டும் விரல் அனிச்சை) இரண்டு பக்கமும் பாசிட்டிவ், எம்ஜேஓஏ (தண்டுவடச் செயல்பாட்டு மதிப்பெண்) 12. எம்ஆர்ஐயில் சி3-4 (மூன்றாவது, நான்காவது கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவே) முதல் சி6-7 வரை நெருக்கம், சி5 உயரத்தில் தண்டுவடத்துக்குள் வெள்ளைச் சிக்னல். சிடியில் சி4, சி5 பின்னால் ஓபிஎல்எல் (பின்பக்க நெடுக்கு லிகமென்ட் எலும்பாகிப்போவது), தண்டுவடக் கால்வாயில் சுமார் 40 சதம் அடைப்பு. லார்டோசிஸ் (கழுத்தின் இயல்பான வளைவு) இருக்கிறது, கே-லைன் பாசிட்டிவ்.

என் சந்தேகங்கள்:

1. இதற்கு முன்பக்கம் போய் ப்ளேட் வைப்பதா, பின்பக்கம் லேமினோபிளாஸ்டி (முள்ளெலும்பின் பின்வளைவான லேமினாவை ஒரு பக்கம் வெட்டிக் கதவுபோலத் திறந்து தண்டுவடத்துக்கு இடம் கொடுப்பது) செய்து மினி ப்ளேட் வைப்பதா?
2. லேமினோபிளாஸ்டியில் ஹிஞ்ச் (அந்தக் கதவின் கீல், முழுசாக வெட்டாத பக்கம்) ஏன் உடைகிறது? உடைந்தால் என்ன செய்வது?
3. ஸ்க்ரூ நீளம் எவ்வளவு? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.
4. முன்பக்கம் என்றால் ப்ளேட் எவ்வளவு நீளம்?

---

தண்டுவடத்தான்

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்து வந்துவிடும். முன்பக்க ப்ளேட் எலும்பு சேரும் வரை இரண்டு முள்ளெலும்புகளை அசையாமல் வைப்பதற்கு. லேமினோபிளாஸ்டி ப்ளேட்டுக்கு அந்த வேலையே கிடையாது. ஒவ்வொரு லேமினாவையும் அதே முள்ளெலும்பின் லேட்டரல் மாஸோடு (பக்கவாட்டு எலும்புத் திரளோடு) மட்டும் பிடித்து, திறந்த கதவு திரும்ப மூடாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. பக்கத்து முள்ளெலும்போடு அதற்குச் சம்பந்தமில்லை. கழுத்து அசைய வேண்டும். இது குழம்பினால் ஸ்க்ரூ நீளத்திலிருந்து காலர் வரைக்கும் எல்லாமே குழம்பும்.

உங்கள் கேஸுக்கு நான் பின்பக்கம்தான் போவேன். நான்கு லெவல் நெருக்கம், லார்டோசிஸ் இருக்கிறது, அடைப்பு 60 சதத்துக்குக் கீழே, கே-லைன் பாசிட்டிவ். சி2, சி7 உயரங்களில் கால்வாயின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடுதான் கே-லைன். எலும்பாகிப்போன லிகமென்ட் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால், பின்னால் இடம் கொடுத்தவுடன் தண்டுவடம் பின்னுக்கு நகரும். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, நெருக்கம் இருக்கும் இடத்திலேயே 13 டிகிரிக்கு மேல் கைஃபோசிஸ் (லார்டோசிஸுக்கு எதிரான கூனல்) இருந்தாலோ, கதவை எவ்வளவு திறந்தாலும் தண்டுவடம் முன்னால் உள்ள மேட்டின் மீதே இழுபட்டுக் கிடக்கும். அப்போது முன்பக்கம், அல்லது பின்பக்கம் லேமினெக்டமியும் (லேமினாவையே எடுத்துவிடுவது) ஸ்க்ரூ-ராட் ஃப்யூஷனும் (ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு எலும்புகளைச் சேர்ப்பது).

பின்னணி வேண்டும் என்றால்: ஓப்பன் டோர் முறையை 1977இல் தொடங்கியவர் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்து ஹிராபயாஷி. அப்போது ப்ளேட் இல்லை. ஸ்பைனஸ் ப்ராசஸின் (முள்ளெலும்பின் பின்முனையின்) அடியிலிருந்து ஃபேசட் கேப்சூலுக்கு (முள்ளெலும்புகளின் பின் மூட்டு உறைக்கு)த் தையல் போட்டுக் கதவை இழுத்துப் பிடித்தார்கள். தையல் தளர்ந்தால் கதவு மூடிவிடும். டைட்டானியம் மினி ப்ளேட் வந்தது 1990களில்.

இனி செய்முறை. ப்ரோன் (குப்புறப் படுக்கை), மூன்று முனை மேஃபீல்ட் (தலைப்பிடி), தலைப்பக்கம் சற்று உயரம். கழுத்து நடுநிலை அல்லது லேசான குனிவு. அதிகம் குனிய வைத்தால் லேமினாக்கள் விரிந்து வேலை சுலபம்தான், ஆனால் நெருக்கப்பட்ட தண்டுவடத்துக்கு அது நல்லதல்ல. இன்ட்யூபேஷனிலும் கழுத்தைப் பின்னுக்கு மடக்கக்கூடாது. வீடியோ லாரிங்கோஸ்கோப் அல்லது ஃபைபர் ஆப்டிக். சராசரி ரத்த அழுத்தம் 85க்குக் குறையாமல் வைக்கச் சொல்லி மயக்கமருந்து டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். எம்இபி (தசைக்குப் போகும் நரம்புச் சிக்னலைக் கண்காணிப்பது) பார்ப்பதானால் தொடர் தசைத்தளர்த்தி மருந்து கிடையாது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

தசையை லேட்டரல் மாஸின் நடுப்பகுதி வரை பிரித்தால் போதும். ஃபேசட் கேப்சூலைக் கிழிக்காதீர்கள். இந்த ஆபரேஷனே அசைவைக் காப்பாற்றத்தான். சி2இல் ஒட்டும் செமிஸ்பைனாலிஸ் செர்விசிஸைத் தொடவே வேண்டாம்.

திறக்கும் பக்கத்தை முதலில் வெட்டுங்கள். லேமினாவும் லேட்டரல் மாஸும் சந்திக்கும் பள்ளத்தில் 3 மி.மீ. கட்டிங் பர் (சுழன்று எலும்பைச் சீவும் முனை). வெளிக்கோர்டெக்ஸ் (கெட்டியான மேல் எலும்பு) போனதும் உள்ளே சிவப்பாகக் கசியும் ஸ்பாஞ்சு எலும்பு, அதன் பிறகு மறுபடி வெள்ளையாக உள்கோர்டெக்ஸ். அந்த வெள்ளை தெரிந்ததும் டைமண்ட் பர்ருக்கு மாறுங்கள். கடைசித் துளியை 1 மி.மீ. கெரிசனால் (எலும்பைக் கடித்தெடுக்கும் கருவியால்) எடுக்கலாம். லேமினாவின் தலைப்பக்க ஓரம் தடிமன் அதிகம், அதோடு மேல் லேமினாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெட்டு முடியாமல் கதவு திறக்க மறுக்கிறது என்றால் பத்துக்கு ஒன்பது முறை அந்த இடம்தான். அதைப் பார்க்காமல் லேமினாவை இன்னும் அழுத்தித் தூக்கும்போதுதான் எதிர்ப்பக்க ஹிஞ்ச் படக்கென்று போகிறது.

ஹிஞ்ச் பக்கம்: பள்ளம் சற்று வெளியே, சற்று அகலமாக. வெளிக்கோர்டெக்ஸும் ஸ்பாஞ்சு எலும்பும் மட்டும் போக வேண்டும். உள்கோர்டெக்ஸ் மெலியலாம், அறுபடக்கூடாது. இரண்டு மூன்று ஓட்டு பர் போட்டதும் ஸ்பைனஸ் ப்ராசஸை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அசையவே இல்லையா, இன்னும் கொஞ்சம். ஸ்பிரிங் மாதிரி கொடுத்துத் திரும்பி வருகிறதா, நிறுத்திவிடுங்கள். தொளதொளவென்று ஆடினால் ஏற்கெனவே உடைந்துவிட்டது. பள்ளம் குறுகலாக வி வடிவில் இருந்தால் திறக்கும்போது அதன் இரு ஓரமும் ஒன்றோடொன்று முட்டும், முட்டிய பிறகும் தள்ளினால் உள்கோர்டெக்ஸ் உடையும். அதனால்தான் அகலம் கேட்கிறேன்.

மேல்கோடியிலும் கீழ்கோடியிலும் லிகமென்டம் ஃப்ளேவத்தை (லேமினாக்களை இணைக்கும் நாரை)க் குறுக்காக வெட்டிய பிறகே கதவைத் தூக்க வேண்டும். ஒரு லேமினாவை ஒரேயடியாக முழுசும் திறக்காதீர்கள். எல்லா லெவலையும் கொஞ்சம் கொஞ்சமாக, சேர்த்து. டியூராவோடு (தண்டுவட உறையோடு) ஒட்டியிருக்கும் நார்களை நரம்பு ஹுக்கால் விடுவித்துக்கொண்டே போங்கள். எபிடியூரல் சிரைகள் இந்த நேரத்தில்தான் பொங்கும். பைபோலாரை (சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவியை)க் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் வைக்காதீர்கள், அங்கேதான் நரம்புவேர் இருக்கிறது. ஜெல்ஃபோமும் பஞ்சும் வைத்து இரண்டு நிமிஷம் காத்திருந்தாலே பெரும்பாலும் நிற்கும்.

ப்ளேட் அளவு பொதுவாக 8, 10, 12 மி.மீ. திறப்புக்கு. லேட்டரல் மாஸ் பக்கம் இரண்டு ஸ்க்ரூ, 6 முதல் 8 மி.மீ. லேமினா பக்கம் ஒன்றோ இரண்டோ, 4 முதல் 6 மி.மீ. விட்டம் 2 முதல் 2.6 வரை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புத்தகங்கள் மாறிச் சொல்வதற்குக் காரணம் இந்த செட் வித்தியாசம்தான். அறுவைக்கு முந்தைய சிடியில் உங்கள் நோயாளியின் லேமினா தடிமனை அளந்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

லேட்டரல் மாஸில் ப்ளேட்டைக் கீழ்ப்பக்கம் சரித்து வைத்துவிடுவது வழக்கமான பிழை. அங்கே எலும்புக்கு நேர் கீழே ஃபேசட் மூட்டு இருக்கிறது. ஸ்க்ரூ முனை மூட்டுக்குள் போனால் நோயாளிக்குக் கழுத்துவலி தீராது, எக்ஸ்ரேயில் நமக்கு ஒன்றும் தெரியாது. தலைப்பக்கப் பாதியில் வைத்து, முனையை வெளிநோக்கிக் கொடுங்கள்.

லேமினா ஸ்க்ரூவுக்கான துளையைக் கதவைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. திறந்த லேமினாவின் மேல் ட்ரில்லையோ ஸ்க்ரூ டிரைவரையோ அழுத்தினால் அந்த அழுத்தம் நேராகத் தண்டுவடத்தின் மேல் இறங்கும். ப்ளேட்டின் பள்ளத்தில் லேமினா ஓரத்தைப் பொருத்தி, முதலில் லேட்டரல் மாஸ் ஸ்க்ரூ ஒன்று, கதவு நின்றுவிடும். பிறகு மற்றவை.

---

முன்கழுத்து

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இந்தக் கேஸ் பின்பக்கம்தான். ஆனால் நான்காவது கேள்வி விடுபட்டுவிட்டது.

ஒன்று அல்லது இரண்டு லெவல், டிஸ்க் நேராக முன்னாலிருந்து அழுத்துகிறது, கழுத்து நேராகிவிட்டது அல்லது முன்னோக்கி வளைந்துவிட்டது என்றால் ஏசிடிஎஃப் (முன்பக்கமாக டிஸ்க்கை எடுத்து எலும்புகளைச் சேர்ப்பது). மூன்று லெவலுக்கு மேல் போகப்போக எலும்பு சேராமல் போவது கூடிக்கொண்டே போகும், புகைப்பவர் என்றால் இன்னும் மோசம். மூன்று முள்ளெலும்பு உடலை எடுத்துவிட்டு வெறும் முன்பக்க ப்ளேட்டை மட்டும் நம்புவது சரியில்லை. எடுத்த இடத்தில் வைக்கும் நீளக் கிராஃப்டின் (ஒட்டு எலும்பின்) அடிப்பகுதி நெம்புகோலாகி, கீழ் ஸ்க்ரூக்களைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். அங்கே பின்பக்கமும் பிடித்தாக வேண்டும்.

ப்ளேட் நீளம்: எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. ப்ளேட்டின் ஓரத்துக்கும் அடுத்த நல்ல டிஸ்க்குக்கும் நடுவே 5 மி.மீ.யாவது இருக்க வேண்டும். குறைந்தால் அந்த டிஸ்க்கின் முன்னால் எலும்பு வளர ஆரம்பிக்கும். எண்ட்ப்ளேட்டுக்கு (டிஸ்க்கைத் தொடும் எலும்புத் தகட்டுக்கு) ஒட்டினாற்போல் ஸ்க்ரூ நுழைந்து, மேல் ஸ்க்ரூ தலைப்பக்கமாகவும் கீழ் ஸ்க்ரூ கால்பக்கமாகவும், இரண்டும் லேசாக உள்நோக்கியும் போனால் குட்டை ப்ளேட்டிலேயே நல்ல பிடி கிடைக்கும். 4 மி.மீ. விட்டம், 14 மி.மீ. நீளம் பலருக்கும் சரி. ஒல்லியான பெண்களுக்கு 12 போதும். பின் கோர்டெக்ஸைத் தாண்ட அவசியமில்லை. ஒரு காலத்தில் லாக் இல்லாத ப்ளேட்டுக்கு இரண்டு கோர்டெக்ஸும் பிடித்தாக வேண்டியிருந்தது. லாக்கிங் வந்த பிறகு அந்த அபாயத்தை யாரும் எடுப்பதில்லை. துளை தேய்ந்துவிட்டால் 4.5 ரெஸ்க்யூ.

ப்ளேட் வைக்கும் முன் முன்பக்க ஆஸ்டியோஃபைட்டை (எலும்பு முள்ளை)ச் சீவிச் சமமாக்குங்கள். இதை விட்டுவிட்டால் ப்ளேட் நடுவில் எழும்பி நிற்கும், உணவுக்குழாய் அதன் மேல் உரசும். ப்ளேட் சாய்ந்து போவதற்குக் காரணம் நடுக்கோட்டைத் தொலைப்பது. டிஸ்க்கைத் தொடும் முன்பே, லாங்கஸ் கோலை (முள்ளெலும்பின் முன்தசை) இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும்போதே, நடுவில் ஒரு குறி வைத்துவிடுங்கள். அன்கஸ் (முள்ளெலும்பு உடலின் பக்க ஓர மேடு) இரண்டையும் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. சி-ஆர்மில் பக்கவாட்டுப் படம் மட்டும் எடுத்துவிட்டு முடிப்பவர்கள் உண்டு. முன்-பின் படமும் எடுங்கள்.

கிராஃப்ட் உயரம் பொதுவாக 6, 7 மி.மீ. 'கொஞ்சம் இறுக்கமா இருக்கட்டுமே' என்று 9 வைத்தால் ஃபேசட் பிளந்து பின்கழுத்து வலிக்கும், அல்லது கேஜ் எண்ட்ப்ளேட்டுக்குள் புதையும். ப்ளேட் லாக் செய்யும் முன் டிஸ்ட்ராக்டரைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியையே ப்ளேட் நிரந்தரமாக்கிவிடும்.

ரிட்ராக்டர் பிளேடுகள் லாங்கஸ் கோலைக்கு அடியில் உட்கார்ந்ததும், மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாயின் கஃப் காற்றை ஒரு தடவை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். குரல் நரம்பின் மீதுள்ள அழுத்தம் குறையும்.

உங்கள் கேஸில் முன்பக்கம் தயங்குவதற்கு இன்னொரு காரணம் ஓபிஎல்எல். சிடியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு கருப்புக் கோடு தெரிந்தால் டியூராவும் எலும்பாகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சுத்தமாக எடுக்கப் போனால் டியூராவே கூடவே வந்துவிடும், சிஎஸ்எஃப் (தண்டுவட நீர்) கசிவு நிச்சயம்.

முன்னா பின்னா என்ற விவாதத்துக்கு 2021இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையைப் படியுங்கள். வட அமெரிக்காவில் 163 பேர். ஒரு வருஷத்தில் உடல்நிலை மதிப்பெண்ணில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. சிக்கல்கள் முன்பக்கத்தில் 48 சதம், பின்பக்கத்தில் 24 சதம். முன்பக்கக் கணக்கில் பெரும்பகுதி விழுங்குவதில் சிரமம். ஆனால் இரண்டு வழியும் பொருந்தும் நோயாளிகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். கைஃபோசிஸ் உள்ளவருக்கு அந்த முடிவை நீட்டாதீர்கள்.

---

தியேட்டர் அக்கா

டாக்டர்கள் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது.

லேமினோபிளாஸ்டி செட்டில் 4, 5, 6, 8 மி.மீ. ஸ்க்ரூக்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ரேக்கிலிருந்து எடுத்ததும் செட்டின் அளவுகோலில் வைத்துப் பார்த்து, நீளத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். லேமினாவுக்கு 8 போய்விட்டால் முனை டியூரா பக்கம் நிற்கும். டிரைவர் முனை தேய்ந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது, திறந்த கால்வாய்க்குள் நழுவும். கேஸுக்கு முன்பே இரண்டு டிரைவரிலும் ஒரு ஸ்க்ரூவை மாட்டித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ போடும்போது டியூரா மேல் ஈரப் பஞ்சு இருக்கட்டும். பஞ்சுக் கணக்கு தனி.

பர் ஓடும்போது சலைன் நிற்கக்கூடாது. சூட்டில் எலும்பு கருகும், அடியில் நரம்பும் இருக்கிறது. கட்டிங் 3 மி.மீ., டைமண்ட் 3 மி.மீ., டைமண்ட் 2 மி.மீ. மூன்றும் மேசையில் இருக்க வேண்டும், 'தேவைப்பட்டால் பிரிக்கலாம்' என்று ஸ்டோரில் வைக்காதீர்கள். லேட்டரல் மாஸ் ஸ்க்ரூ-ராட் செட்டும் ஸ்டெரைலாகத் தயாராக இருக்கட்டும். டைட்டானியம் ப்ளேட்டுக்கு ஸ்டீல் ஸ்க்ரூ ஒருபோதும் கலக்கக்கூடாது.

---

எலும்பூர்க்காரன்

நன்றி சார், நன்றி அக்கா. மூன்று கேள்வி பாக்கி. ஹிஞ்ச் உடைந்தேவிட்டால்? எல்லா லெவலுக்கும் ப்ளேட் வேண்டுமா, ஒன்று விட்டு ஒன்று போதுமா (காப்பீட்டுத் தொகைக்குள் அடங்க வேண்டியிருக்கிறது)? சி3யையும் சி7ஐயும் என்ன செய்வது?

---

தண்டுவடத்தான்

ஹிஞ்ச் உடைந்தும் லேமினா இடத்தில் நிற்கிறது, உள்ளே சாயவில்லை என்றால், திறந்த பக்க ப்ளேட்டை நன்றாகப் பிடித்துவிட்டு விடலாம், பெரும்பாலும் சேரும். ஆடுகிறது என்றால் ஹிஞ்ச் பக்கமும் ஒரு சின்ன நேர் ப்ளேட். எலும்பு மெலிந்து அதுவும் பிடிக்காது என்றால் அந்த ஒரு லேமினாவை எடுத்துவிடுங்கள். உடைந்த துண்டு உள்ளே சாய்ந்து நரம்புவேரை அழுத்துவதைவிட லேமினா இல்லாமல் போவது எவ்வளவோ மேல். இரண்டு மூன்று லெவல் உடைந்தால் அக்கா சொன்ன ஸ்க்ரூ-ராட் செட்டைத் திறக்க வேண்டியதுதான்.

சி3: லேமினாவைக் கதவாகத் திறக்காமல் முழுசாக எடுத்துவிடுவது இப்போது பலர் வழக்கம். கதவு திறந்தால் அது சி2இன் ஸ்பைனஸ் ப்ராசஸில் முட்டும். முட்டாமல் இருக்க சி2 தசையை வெட்ட வேண்டிவரும், கழுத்துவலிக்கும் லார்டோசிஸ் இழப்புக்கும் அதுதான் வாசல். சி7: சி6-7இல் நெருக்கம் இருந்தாலும் சி7 லேமினாவின் மேல் ஓரத்தை அடியிலிருந்து குடைந்தால் பெரும்பாலும் போதும். ஸ்பைனஸ் ப்ராசஸும் அதில் ஒட்டும் தசைகளும் அப்படியே இருக்கட்டும். ஆக உங்கள் கேஸில் ப்ளேட் சி4, சி5, சி6 மூன்றுக்கு மட்டும். அதிலேயே செலவு பாதி அடங்கிவிட்டது. இதற்கும் மேல் சி5ஐ விட்டுவிட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

---

முன்கழுத்து

இங்கே கொஞ்சம் வேறுபடுகிறேன். ஒன்று விட்டு ஒன்று ப்ளேட், நடுவில் தையல் என்பதும் பல இடங்களில் நடக்கும் நல்ல முறைதான். ஹிஞ்ச் உறுதியாக இருந்தால் ப்ளேட் இல்லாத லேமினா பெரிதாக மூடுவதில்லை. ஆனால் மூன்றே லெவல் என்றால் தண்டுவடத்தான் சொல்வது சரி. அதுவும் நெருக்கம் அதிகமுள்ள லெவலை விடக்கூடாது.

திறப்பை 12க்கு மேல் கொண்டுபோகும் ஆசையும் வேண்டாம். கால்வாயின் முன்-பின் அளவு 4, 5 மி.மீ. கூடினாலே தண்டுவடத்துக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கு மேல் திறந்தால் ஹிஞ்ச்சுக்கும் ஆபத்து. தண்டுவடம் அளவுக்கு மீறிப் பின்னுக்குப் போய் சி5 வேர் இழுபடும் என்றும் ஒரு கருத்து உண்டு.

---

நடைபழகு (பிசியோ)

சி5 பற்றி வந்ததால் சொல்கிறேன். அறுவைக்குப் பிறகு கை தூக்க முடியாமல் போவது தியேட்டரிலிருந்து வந்த உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்து, சில சமயம் ஒரு வாரம் தாண்டியும் வரும். அதனால் டெல்டாய்ட், பைசெப்ஸ் பலத்தை அறுவைக்கு முன்பே கிரேடு போட்டு எழுதி வையுங்கள், பிறகு தினமும். முன்பக்கமோ பின்பக்கமோ, நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு வரலாம். கால் பலமும் கை நுணுக்கமும் குறையாமல் தோள் மட்டும் விழுந்தால் சி5. கால் பலமும் சேர்ந்து குறைந்தால் ஹெமடோமாவாக (ரத்தக்கட்டாக) இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட்டு எம்ஆர்ஐ. சி5 பலம் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பும். அதுவரை தோள் மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலை.

லேமினோபிளாஸ்டிக்கு ஆறு வாரம் கெட்டிக் காலர் போட்டு அனுப்புகிறார்கள், அது வேண்டாம். ப்ளேட் கதவைப் பிடித்திருக்கிறது. வலிக்காக மென்மையான காலர் ஒன்றிரண்டு வாரம், பிறகு கழற்றிவிட்டு மெல்ல அசைக்கட்டும். காலர் நாள் கூடக்கூட பின்தசை வற்றும், கழுத்து இறுகும், வலியும் தங்கிவிடும்.

---

தியேட்டர் அக்கா

முன்பக்கக் கேஸ் வார்டுக்குப் போகும்போது படுக்கைப் பக்கத்தில் தையல் பிரிக்கும் செட் கூடவே போக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் கழுத்து வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறினால் ஸ்கேனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கக்கூடாது. அங்கேயே தையலைத் திறந்து ரத்தத்தை வெளியே விட வேண்டும். ராத்திரி ட்யூட்டி சிஸ்டருக்கு இதை வாயால் சொல்லிக் கொடுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது.

---

எலும்பூர்க்காரன்

கடைசியாக ஒன்று. ஆறு மாத சிடியில் ஹிஞ்ச் சேராமல் கோடு தெரிந்தால் மறுபடி ஆபரேஷனா?

---

தண்டுவடத்தான்

இல்லை. ப்ளேட்டும் ஸ்க்ரூவும் இடத்தில் இருக்கிறதா, லேமினா உள்ளே சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரி, நோயாளிக்குப் புதுத் தொந்தரவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் சேராமல் தெரியும் ஹிஞ்ச்சில் பல ஒரு வருஷத்தில் சேர்ந்துவிடும். ஓபிஎல்எல் உள்ளவர் என்பதால் எப்படியும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லிகமென்டில் எலும்பு வளர்வதை லேமினோபிளாஸ்டி நிறுத்துவதில்லை.